வக்கீல்கள் உபாத்தியாயர்களாக வேண்டும்

நியாயம் தேடிக் கோர்ட்டுக்குப் போகிற மனிதனுடைய வாய்ச்சொல் அங்கே முதலில் கேட்கப்படுவதில்லை. அவன் பெயரால் எழுதப்பட்ட காகிதமே அவனுக்கு முன்னே போய் நிற்கிறது. வெண்ணந்தூரில் தறி நெய்து பிழைப்பவரும், அக்கம்பக்கத்துக் கிராமங்களில் கிணற்றை நம்பிப் பயிர் செய்பவரும் இராசிபுரம் கோர்ட்டிலோ நாமக்கல் கோர்ட்டிலோ வழக்காடும்போது, நீதிபதி அவர்களை முதன்முதல் அறிவது பிராது என்னும் அக்காகிதத்தின் மூலமாகத்தான். அது செம்மையாக அமைந்தால் சத்தியத்துக்கு வழி பிறக்கும். பழுதுபட்டால் சத்தியம் வாசலிலேயே நின்றுவிடும். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் எழுத்து வித்தையை நமது இளம் வக்கீல்கள் எங்கே, யாரிடம் கற்கிறார்கள்? இக்கேள்விக்குத் திருப்தியான விடை கிடையாது. பல வருஷம் வழக்கு நடத்தித் தேர்ந்த வக்கீல்களே சட்ட கலாசாலைகளுக்குச் சென்று இவ்வித்தையைப் போதிக்க வேண்டும். அவர்கள் உள்ளே நுழைவதற்கு இப்போதுள்ள தடைகள் நீங்க வேண்டும். இதுவே நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது.

எழுத்துப் பிழையால் வழக்கு எவ்வாறு கெடுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மூன்று சகோதரர்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் இளையவருக்கு முறைத் தண்ணீர் விடாமல் தடுக்கிறார். இளையவர் வக்கீலிடம் போகிறார். வக்கீல், "கிணற்றில் வாதிக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு" என்று பிராதில் எழுதுகிறார். ஆனால், கிணற்றிலிருந்து வாதியின் வயலுக்குப் போகும் வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. விசாரணையின்போது வாதி கூண்டில் ஏறி, தன் தகப்பனார் காலத்திலிருந்து வாய்க்கால் எந்த வழியாகப் போகிறதென்று சாட்சியம் சொல்லத் தொடங்குகிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பிராதில் சொல்லாத சங்கதிக்குச் சாட்சியம் ஏது என்று ஆட்சேபிக்கிறார். அந்த ஆட்சேபத்துக்குப் பலம் உண்டு. வழக்குரையில் எடுத்துச் சொல்லப்படாத விஷயத்தைப் பற்றி எவ்வளவு சாட்சியம் குவித்தாலும் அதைக் கவனிக்க இடமில்லையென்று 1930-ஆம் வருஷத்திலேயே பிரிவி கௌன்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிராதைத் திருத்திக்கொள்ளலாமென்றால், 2002-ஆம் வருஷம் அமுலுக்கு வந்த திருத்தத்தின்படி விசாரணை தொடங்கிய பிறகு அதுவும் எளிதன்று. தக்க கவனம் செலுத்தியும் முன்னமே இதைச் சொல்ல இயலவில்லையென்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்படச் செய்ய வேண்டும். கண்ணெதிரே ஓடிய வாய்க்காலைப் பற்றி அப்படிச் சொல்ல யாரால் முடியும்? கிணற்றில் பங்கு கிடைத்து, தண்ணீர் கிடைக்காமற் போகும் தீர்ப்போடு அந்தக் குடியானவர் வீடு திரும்ப நேரிடலாம். அவருடைய வழக்கில் குற்றமில்லை, எழுத்தில் குற்றம்.

வழக்குரை எப்படி இருக்க வேண்டுமென்பதற்குச் சட்டத்தில் வழிகாட்டி இல்லாமலில்லை. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 6-வது ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வழக்குக்கு ஆதாரமான முக்கிய சங்கதிகளை மாத்திரம் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவற்றை நிரூபிக்கும் சாட்சியத்தை அதில் புகுத்தலாகாது. பாராக்களுக்கு வரிசையாக இலக்கமிட வேண்டும். தேதி, தொகை, எண் ஆகியவற்றை இலக்கத்திலும் எழுத்திலும் குறிக்க வேண்டும். இதைப் படித்து ஒப்பிக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் கட்சிக்காரர் சொல்லும் கதையில் எந்தச் சங்கதி முக்கியமானது, எது வெறும் மனத்தாங்கல், எது சாட்சியம் என்று பிரித்தறிவதற்குப் பல வருஷம் வேண்டும். தாம் அஜாக்கிரதையாக எழுதிய ஒரு வாக்கியத்தை எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொண்டு, தம் கட்சிக்காரரைக் குறுக்கு விசாரணையில் திணற அடித்ததைக் கண்ணால் கண்டவருக்குத்தான் அந்த வாக்கியத்தின் விலை தெரியும். வழக்கு நடத்திய அநுபவமுள்ளவரே இதைக் கற்பிக்க வேண்டுமென்று நாம் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

மொபஸல் கோர்ட்டுகளில் தாக்கலாகும் வழக்குரைகளைக் கண்டிப்பான அளவுகோல் கொண்டு அளக்கலாகாது, அவற்றின் உட்கருத்தையே நோக்க வேண்டுமென்று நமது உயர்ந்த நீதிஸ்தலங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஏழைக் கட்சிக்காரரைக் காப்பாற்றும் தயையான விதி இது; இதனால் பலர் பிழைத்திருக்கிறார்கள். ஆயினும், சுயமரியாதையுள்ள ஒரு வக்கீல் கூட்டம் இந்தத் தயையை எத்தனை காலத்துக்கு ஏந்திக்கொண்டிருப்பது? பட்டணத்து வக்கீலின் எழுத்துக்கு ஒரு தராசு, இராசிபுரத்து வக்கீலின் எழுத்துக்கு வேறொரு தராசு என்பது நமக்குப் பெருமையாகுமா? இந்தச் சலுகை வேண்டாமென்று சொல்லும் நிலைக்கு நமது மொபஸல் வக்கீல்கள் உயர வேண்டுமென்பதே நமது ஆசை. இந்நோய் மொபஸலுக்கு மட்டும் சொந்தமானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017-ஆம் வருஷத்தில் இமாசலப் பிரதேச ஹைக்கோர்ட்டின் தீர்ப்பொன்று படித்துப் புரிந்துகொள்ள இயலாதபடி இருக்கிறதென்று சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்து திருப்பி அனுப்பிற்று. அதே ஹைக்கோர்ட்டின் மற்றொரு தீர்ப்பின் பேரில் 2022-ஆம் வருஷத்தில், தீர்ப்பு எழுதும் முறை எப்படி இருக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே பாடம் சொல்ல நேர்ந்தது. மேல் கிளையில் இப்படியென்றால், வேருக்குத் தண்ணீர் வார்ப்பதில் நாம் எவ்வளவு தவறிவிட்டோம் என்பது விளங்கும்.

முற்காலத்தில் இவ்வித்தை கைமாறியதற்கு ஒரு முறை இருந்தது. பி. எல். பட்டம் பெற்றவர் உடனே கோர்ட்டில் ஆஜராக இயலாது. அநுபவமுள்ள வக்கீல் ஒருவரிடம் அப்ரெண்டிஸாக அமர்ந்து, அவர் எழுதியதைப் பிரதி செய்து, தாம் எழுதியதை அவர் அடித்துத் திருத்தக் கண்டு பழக வேண்டும். சென்னையில் பிரபல வக்கீலாக விளங்கிய கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் இத்தகைய அப்ரெண்டிஸ்களுக்குச் செய்த உபந்நியாசங்கள், தொழில் ஒழுக்கத்தையும் வாதத் திறமையையும் பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்து, பல தலைமுறை வக்கீல்களுக்குப் பாடப் புத்தகமாக உதவியிருக்கிறது. வழக்கு நடத்தும் வக்கீலே உபாத்தியாயராகவும் இருக்கலாமென்பதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை.

அந்த முறை பின்னர் போய்விட்டது. 1961-ஆம் வருஷத்து அட்வகேட்ஸ் சட்டத்தில் பயிற்சிக்கும் பரீக்ஷைக்கும் இடம் இருந்தது. 1973-ஆம் வருஷத்துத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. 1974 முதல் பட்டம் பெற்றவர் நேரே பதிவு செய்துகொள்ளலாமென்று ஆயிற்று. 1995-ஆம் வருஷத்தில் பார் கௌன்சில் ஒரு வருஷப் பயிற்சியை மீண்டும் புகுத்த முயன்றது. அதற்குச் சட்டத்தில் அதிகாரமில்லையென்று 1999-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு அவ்விதிகளைத் தள்ளிவிட்டது. பின்பு 2011-ஆம் வருஷம் முதல் அகில இந்திய பார் பரீக்ஷை நடந்து வருகிறது. கேள்விக்கு நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். சரியானதைக் குறிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் எழுதிப் பிழைக்கப்போகும் ஒருவரிடம், ஒரு வாக்கியங்கூட எழுதச் சொல்லாமல் தகுதிச் சீட்டுக் கொடுக்கும் பரீக்ஷை இது! நூல் கோக்கத் தெரியுமா என்று பாராமல் ஒருவனைத் தறியில் உட்கார வைக்க வெண்ணந்தூரில் யாராவது சம்மதிப்பார்களா?

கலாசாலைகளில் பயிற்சிக்கு விதி இல்லையென்று நாம் கூறவில்லை. பார் கௌன்சிலின் 2008-ஆம் வருஷத்துச் சட்டக் கல்வி விதிகள், வழக்குரையும் பத்திரமும் எழுதும் பயிற்சியைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கின்றன. வழக்குரை வகையில் 15 பயிற்சிகள், அவற்றுக்கு 45 மார்க்கு. கிரயம், அடமானம், குத்தகை, தானம், உயில் முதலிய பத்திர வகையில் 15 பயிற்சிகள், அவற்றுக்கும் 45 மார்க்கு. மீதி 10 மார்க்கு வாய்மொழிப் பரீக்ஷைக்கு. தொழில் நடத்தும் வக்கீல்களையும் ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் துணைக்கொண்டு இப்பாடத்தை நடத்துவது நல்லதென்றும் அவ்விதிகளே சொல்கின்றன. மிகவும் நல்ல விதி. ஆனால் ஏட்டில் எழுதிய சர்க்கரை இனிக்காது. மாதிரிப் புத்தகம் ஒன்றைப் பார்த்து முப்பது பயிற்சிகளையும் நோட்டுப் புத்தகத்தில் பிரதி செய்து கொடுத்து மார்க்கு வாங்கிவிடலாமென்று மாணாக்கர் நினைக்கும்படி விட்டால், விதி நிறைவேறியதாகும், வித்தை வந்ததாகாது. எழுதியதைத் திருத்துபவர் இல்லாத இடத்தில் எழுத்துப் பயிற்சி என்பது வெறும் பெயரே.

திருத்தக்கூடியவர்கள் ஏன் அங்கே இல்லை? இங்கேதான் தடையின் உருவம் தெரிகிறது. முழுநேர உபாத்தியாயராக விரும்பும் வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். சம்பள உத்தியோகமும் வக்கீல் தொழிலும் ஒன்றாகச் செல்லா. அதற்கு மேல் எல். எல். எம். பட்டத்தில் 55 சதவீதம் மார்க்கும், தேசியத் தகுதிப் பரீக்ஷைத் தேர்ச்சியும் அல்லது டாக்டர் பட்டமும் வேண்டும். இருபது வருஷம் முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் உழைத்து, நூற்றுக்கணக்கான பிராதுகள் எழுதிய ஒருவரிடம் இவை இல்லாதிருந்தால், அவர் கலாசாலை வாசலில் நிற்க வேண்டியதுதான். அரசியல் சட்டத்தையும் சர்வதேசச் சட்டத்தையும் போதிப்பவருக்கு உயர்ந்த படிப்பு அவசியமென்பதை நாம் மறுக்கவில்லை. எழுத்துப் பயிற்சியோ கைத்தொழில் போன்றது. அதற்குப் பட்டத்தை மாத்திரம் அளவுகோலாக வைப்பது பொருந்தாது.

இத்தகைய தடை புதிதன்று. பாரிஸ்டர் பட்டத்துடன் 1891-ஆம் வருஷத்தில் இந்தியா திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் தமக்குக் கிடைத்த முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, நா எழாமல் உட்கார்ந்துவிட்டார். அதன் பின் போர்பந்தரைச் சேர்ந்த ஏழை முஸ்லிம் ஒருவருடைய நிலம் பறிமுதலானது பற்றி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அதை நண்பர்கள் மெச்சினார்கள். மனு எழுதும் திறமை தமக்கு உண்டென்ற நம்பிக்கை அவருக்கு அப்போதுதான் பிறந்தது. அச்சமயம் தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் தேவை, சம்பளம் 75 ரூபாய் என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்தார். அவர் பி. ஏ. பட்டதாரி அல்லவென்று காரணம் சொல்லி வேலை கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவர் ராஜ்கோட்டுக்குத் திரும்பி, விண்ணப்பங்களும் மனுக்களும் எழுதிக் கொடுத்தே மாதம் சராசரி 300 ரூபாய் சம்பாதித்தார். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே தம் எழுத்தால் பதில் சொல்ல வைத்தவருக்கு, ஒரு மணி நேரம் எழுத்துக் கற்பிக்க அன்று தகுதியில்லையென்று தீர்ந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துத் தராசை நாம் இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால், சட்டத்தில் ஒரு சிறு வாசல் திறந்தே கிடக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. தொழில் நடத்தும் வக்கீல் தம் தொழிலை விடாமலே சட்ட கலாசாலையில் போதிக்கலாம், தினம் மூன்று மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று 1979-ஆம் வருஷத்து விதிகள் அனுமதிக்கின்றன. சேலத்திலும் நாமக்கல்லிலும் 2019-ஆம் வருஷத்தில் சர்க்கார் சட்ட கலாசாலைகள் ஏற்பட்டுவிட்டன. சட்டம் படிக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்த காலம் போய், கலாசாலை நம் ஜில்லாவுக்கே வந்துவிட்டது. கோர்ட்டும் அருகில், கலாசாலையும் அருகில். இரண்டுக்கும் இடையே நடந்துபோக ஆள்தான் வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நேர்மையாகப் பார்ப்போம். பழைய வக்கீல்களின் எழுத்தே நீளமும் குழப்பமுமாக இருக்கிறதே, "மேற்படி" என்ற சொல்லை வரிக்கு மூன்று தரம் எழுதுகிறவர் யாருக்கு என்ன கற்பிப்பார் என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானதே. வழக்கு நடத்தத் தெரிந்தவரெல்லாம் கற்பிக்கத் தெரிந்தவராகார். கோர்ட்டில் எதிரியை மடக்குவது ஒரு குணம். வகுப்பில் மாணாக்கனின் பிழையைப் பொறுமையுடன் காட்டுவது வேறு குணம். தாம் எழுதியதைப் பார்த்து எழுதச் சொல்பவர் குமாஸ்தாவைத்தான் உண்டாக்குவார். இந்தச் சொல்லை ஏன் எடுத்தேன், இந்தப் பாராவை ஏன் முன்னே வைத்தேன் என்று காரணம் சொல்பவரே வக்கீலை உண்டாக்குவார். ஆகையால் தேர்ந்தெடுப்பு வேண்டும்; தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் சிறிது போதனைப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் மாணாக்கர் ஒவ்வொருவரும் முதல் வருஷத்தில் ஓர் எழுத்துப் பயிற்சியும் பின்னர் மற்றொன்றும் முடித்தே ஆக வேண்டுமென்று கலாசாலைகளுக்கு விதி இருக்கிறது. கோர்ட்டுகளில் பழகியவர் பலர் இதைக் கற்பிக்கிறார்கள். ஆயினும் மற்றப் பேராசிரியருக்குள்ள அந்தஸ்தும் ஊதியமும் தங்களுக்கு இல்லையென்ற குறை அவர்களுக்கு உண்டு. நாம் அந்தப் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுவதில்லை. தொழில் நேரத்தைக் கொடுத்து வருபவருக்குக் கௌரவமான ஊதியம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது பாஷை. 1956-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் அளித்திருக்கின்றன. ஆனால் நல்ல தமிழில் பிராது எழுதும் பயிற்சி எங்கே அளிக்கப்படுகிறது? ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொற்களை அதன்மேல் போர்த்திய எழுத்தை, எழுதியவரும் இரண்டாம் முறை படித்தால் விளங்கிக்கொள்ள மாட்டார். தமிழுக்கு இந்தச் சக்தி இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். மாயூரம் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி 1862-ஆம் வருஷத்திலேயே "சித்தாந்த சங்கிரகம்" என்ற பெயரால் வெளியிட்டார். 1900-ஆம் வருஷத்தில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிய ராஜாஜி, தொழில் ஓங்கியிருந்த 1916-ஆம் வருஷத்திலேயே நண்பர்களுடன் சேர்ந்து, சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று அவ்வூரில் ஒரு சங்கம் கண்டார். வெண்ணந்தூர் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். கடினமான விஷயத்தையும் எளிய தமிழில் எழுதலாமென்று பின்னாளில் அவர் எழுதிக் காட்டியது யாவரும் அறிந்ததே. வழக்குக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து தமிழ் எழுத்துக்குத் தொண்டு செய்தவர்களின் பரம்பரை நம் ஜில்லாவுக்கு உண்டு. அதைத் தொடர்வதுதான் நமது கடமை.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. சேலம், நாமக்கல் சட்ட கலாசாலைகள் ஒவ்வொரு வருஷமும் தம்மைச் சுற்றியுள்ள கோர்ட்டுகளிலிருந்து அநுபவமுள்ள வக்கீல்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, 1979-ஆம் வருஷத்து விதிகளின்படி எழுத்துப் பயிற்சி வகுப்புகளை அவர்களிடம் ஒப்புவிக்க வேண்டும். முடிந்துபோன வழக்குக் கட்டுகளை, பெயர்களை மறைத்து, பாடமாக வைக்க வேண்டும். வென்ற பிராதைவிடத் தோற்ற பிராது மேலான பாடம். மாணாக்கர் எழுதியது திருத்தப்பட்டுத் திரும்பி வர வேண்டும். திருத்தியதை மீண்டும் எழுதிய பின்னரே மார்க்கு. பயிற்சிகளில் பாதியேனும் தமிழில் நடைபெற வேண்டும். சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தர்கள் கிரயப் பத்திரம் எழுதும்போது நான்கெல்லை குறிக்கும் முறையையும் மாணாக்கர் நேரில் கண்டு வர வேண்டும். பார் பரீக்ஷையிலும் ஒரு பகுதியாவது எழுதிக் காட்டும் பரீக்ஷையாக மாற வேண்டும்.

இது வக்கீல்களின் தனி விவகாரமென்று பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்கள் ஒதுங்கிவிடலாகாது. புறம்போக்கு ஆக்கிரமிப்பென்றாலும், குடிதண்ணீர்த் தகராறென்றாலும், கூலிப் பாக்கியென்றாலும், கூட்டத்தில் போட்ட கோஷம் மறுநாள் மறைந்துபோகிறது. மனுவில் எழுதிய வாக்கியம் பைலில் நிலைக்கிறது. அந்த வாக்கியம் தேதியின்றி, இடமின்றி, கோரிக்கையின்றி ஆவேசம் மட்டும் நிறைந்திருக்குமானால், அதிகாரிக்கு அதைக் கிடப்பில் போட ஒரு காரணம் நாமே எழுதிக் கொடுத்ததாகும். வக்கீல் நன்றாக எழுதக் கற்றால், அவரை அண்டியிருக்கும் ஊர்த் தொண்டரும் கற்றுக்கொள்வார்.

பிராது எழுதி முடித்ததும் அதைக் கட்சிக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். தறிக் குழியிலிருந்து எழுந்து வந்த நெசவாளர் அதைக் கேட்டு, "நான் சொன்னது இதுதான், நான் சொல்லத் தெரியாமல் விட்டதும் இதில் இருக்கிறது" என்று தலையசைத்தால், எழுதியவர் தேறினார். எந்தப் பல்கலைக்கழகமும் இதைவிடக் கடுமையான பரீக்ஷையை வைத்துவிட இயலாது. இதில் தேறியவர்கள் நமது கோர்ட்டுகளில் இருக்கிறார்கள். தினம் மூன்று மணி நேரம் வேண்டாம். வாரத்தில் மூன்று மணி நேரம் அவர்கள் தரட்டும். கலாசாலைகள் அவர்களை அழைக்கட்டும்.